நடுக்குவாத மருந்தும் நடையின் உறுதியும்

மக்கள் நாடோறும் செய்யும் தொழில்களுள் நடத்தலைப்போல அருமை அறியப்படாதது பிறிதொன்றில்லை. பிறந்த ஓராண்டளவில் விழுந்தும் எழுந்தும் அதனைக் கற்கிறோம். கற்றபின், கற்றோம் என்பதையே மறந்துவிடுகிறோம். அம்மறதியே அக்கல்வியின் நிறைவாகும். கலாசாலைக்கு வரும் மாணாக்கர் ஒருவர் தோழரோடு வழக்காடிக்கொண்டும் கையிலுள்ள புத்தகத்தைப் புரட்டிக்கொண்டும் வந்தாலும், அவருடைய கால்கள் தம் கடமையைத் தாமே செய்கின்றன. எக்காலை எப்பொழுது எடுத்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று அவர் எண்ணுவதேயில்லை. இவ்வாறு எண்ணாமற் செய்யும் ஆற்றலைச் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்குமாறு மனிதனை நிர்ப்பந்திக்கும் வியாதி ஒன்று உண்டு. அதனை மேனாட்டார் பார்க்கின்சன் நோய் என்பர். நம் நாட்டு வைத்தியர் நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் வழங்குவர்.

பெயரே நம்மை மயக்குகின்றது. நடுக்கம் என்ற சொல் முன்னே நிற்பதால், கை நடுங்குவதே நோய் என்றும், நடுக்கம் அடங்குவதே குணம் என்றும் பலரும் கருதிவிடுகின்றனர். வீட்டிற்கு வந்த உறவினர், "மாத்திரையினால் கை நின்றுவிட்டதா?" என்று கேட்பரேயன்றி, "இந்த மாதத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள்?" என்று கேட்பாரில்லை. கை நடுங்கினால் காப்பி சிந்தும். கால் தடுமாறினால் இடுப்பெலும்பு முறியும். இவ்விரண்டினுள் எதனைக் கொண்டு மருந்தை அளப்பது என்பதே நாம் ஈண்டுக் கேட்கும் கேள்வி. நடையைக் கொண்டே அளக்கவேண்டும் என்பதும், அங்ஙனம் அளந்தால் மருந்தின் பெருமையும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும் என்பதும் நமது கருத்து.

இந்நோயை முதன்முதல் முறையாக விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியரும் நடையைக் கூர்ந்து நோக்கியவரே. 1817-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஆறு பேருடைய வரலாறே கூறப்பட்டுள்ளது. அவர்களுள்ளும் சிலரை அவர் வீதியிலே கண்டாரேயன்றித் தம் வைத்தியசாலையிற் கண்டாரில்லை. உடல் முன்னே வளைதலும், அடிகள் குறுகுதலும், நடக்கத் தொடங்கியவர் தம்மையறியாமல் ஓட்டமெடுத்தலும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வீதியில் நின்று நோக்கியவருக்கு வேறென்ன தெரியும்? நடைதான் தெரியும். பிற்காலத்தார் நோயாளியை நாற்காலியில் அமர்த்திக் கையைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கிய பின்னரே நடுக்கம் தலைமை பெற்றது என்று நாம் ஐயுறுகிறோம்.

மருந்தின் வரலாற்றிலோ நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. அதனை நம் மாணாக்கருட் பலர் அறியார். வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலி என்னும் கொடியைக் கிராமத்துப் பிள்ளைகள் நன்கு அறிவர். அதன் காயின்மேலுள்ள சுணை உடம்பிற் பட்டால் ஏற்படும் அரிப்பை ஒருமுறை பட்டவர் மறவார். அக்காயினுள் இருக்கும் விதையிலிருந்து லெவோடோப்பா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1937-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயிர்வேதியியல் சஞ்சிகையில் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமோதரன், இராமசுவாமி என்ற இருவர். அதற்கு முன் 1913-இல் குக்கன்ஹைம் என்பவர் ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்து அதே பொருளைப் பிரித்திருந்தார். ஆயினும் அப்பொருள் எதற்குப் பயன்படும் என்பதைச் சேப்பாக்கத்தாரும் அறிந்திலர், ஐரோப்பியரும் அறிந்திலர். அறிவதற்கு வழியுமில்லை, ஏனெனில் மூளையில் டோப்பமீன் என்ற பொருள் தனியே ஒரு தொழில் செய்கின்றது என்பதே 1957, 1958-ஆம் ஆண்டுகளில் சுவீடன் தேசத்து அர்விட் கார்ல்சன் காட்டிய பின்னர்த்தான் உலகிற்குத் தெரிந்தது. 1960-இல் வியன்னா நகரத்து ஹோர்னிகீவிச் இந்நோயால் இறந்தாருடைய மூளையில் டோப்பமீன் மிகக் குறைந்திருத்தலைக் கண்டார். அடுத்த ஆண்டில் லெவோடோப்பாவை ஊசி வழியே செலுத்தியபொழுது, படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். 1967-இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்பவர் அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து நிலையான பயனைக் காட்டினார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டு ஆயுர்வேத வைத்தியர் பூனைக்காலி விதையை நெடுங்காலமாக வழங்கி வந்தது தற்செயல் அன்று என்பதும் அதன்பின்னரே வெளியாயிற்று.

இதனைக் கேட்ட சிலர், "அப்படியாயின் மாத்திரை எதற்கு? நாட்டு மருந்துக் கடையில் விதைப்பொடி வாங்கி உண்போமே" என்று புறப்படுவர். அவர்களுக்கு ஒரு சொல். பொடியில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருளே. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபொழுது பொடியும் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு விதையிலும் அதன் அளவு ஒன்றாயிராது. மாத்திரையிலோ லெவோடோப்பா மூளையை அடையும் முன்னே உடம்பில் வீணாகாமல் காக்கும் கார்பிடோப்பா என்ற துணைப்பொருளும் சேர்ந்திருக்கின்றது. மாத்திரையை உண்டுகொண்டே வைத்தியருக்குத் தெரியாமற் பொடியையும் உண்பவர் ஒரே மருந்தை இருமடங்கு உண்கிறார். பின்னர்க் கைகால்கள் தாமே ஆடுகின்றன என்றும் எழுந்தால் மயங்குகின்றது என்றும் வருந்துகிறார்.

இனி மருந்து நடைக்குச் செய்வது யாது? நடை என்பது ஒன்றன்று, பல. அடியின் நீளம் ஒன்று, வேகம் ஒன்று, ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையேயுள்ள காலம் ஒத்திருத்தல் ஒன்று, திரும்பும்பொழுது சாயாதிருத்தல் ஒன்று, யாரேனும் இடித்துவிட்டால் சமாளித்து நிற்றல் மற்றொன்று. லெவோடோப்பா இவற்றுள் முன்னிரண்டையும் மிக நன்றாகத் திருத்துகின்றது. குறுகிய அடி நீள்கின்றது. தொங்கிய கை வீசுகின்றது. நாற்காலியிலிருந்து எழுதல் எளிதாகின்றது. அடிகளின் தாளம் ஒத்துவருமா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமனப்படவில்லை. சிலர் திருந்துகின்றது என்பர், சிலர் மருந்துக்கு அது பெரும்பாலும் அசையாது என்பர். இறுதியிற் கூறிய சமாளித்து நிற்கும் ஆற்றலோ மருந்தினால் அவ்வளவாகத் திருந்துவதில்லை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை மருந்துண்ணா முன்னும் உண்ட பின்னும் அளந்தபொழுது, நடை வேகப்பட்டதையும், அதே மருந்தின்கீழ் வெறுமனே நிற்கும்பொழுது உடல் அதிகமாக அசைந்ததையும் கண்டனர்.

இதனை விளக்கக் குன்றத்தூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பிறந்த அவ்வூர், இன்று மேற்கேயும் தெற்கேயும் மோட்டார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்த பெருவழியின் வாயிலாக நிற்கின்றது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்ற இடங்களில் 1990-களின் இறுதிமுதல் எழுந்த ஆலைகளில் அவ்வூர் இளைஞர் பலர் வேலை செய்கின்றனர். வண்டி கட்டுவோரை நாம் ஒன்று கேட்போம்: எஞ்சினுக்கு மட்டும் பலம் கூட்டி, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பழையபடியே விட்ட வண்டியைச் சாலையில் விடுவீரா? விடமாட்டார். லெவோடோப்பா எஞ்சினுக்குப் பலம் கொடுக்கின்றது. முன்னே நாற்காலியில் அடங்கியிருந்த பெரியவர் மருந்துண்ட பின் எழுந்து, கொல்லைக்கும் வாசலுக்கும் விரைந்து நடந்து, திரும்பும் இடத்தில் விழுகின்றார். இதனைக் கண்டு, "மாத்திரைதான் தள்ளிவிட்டது" என்று வீட்டார் நிறுத்திவிடுவராயின், அவர் மறுபடியும் நாற்காலிக்கே திரும்புவர். சில நாளில் படுக்கைக்கும் செல்வர். மாறாக, "விழுந்தார், ஆகவே மருந்து போதவில்லை" என்று தாமே கூட்டுவராயின், கைகால்கள் வேண்டாமலே நெளிந்தாடும் நிலை வந்து, நிற்றலே அரிதாகும். இவ்விரு தவறுகளும் ஒரே அறியாமையிற் பிறந்தவை: மருந்து நடையை முழுவதும் திருத்தும், அல்லது முழுவதும் கெடுக்கும் என்ற எண்ணம்.

மருந்தைத் திடீரென நிறுத்துதல் வெறும் நடைக்கேடு மாத்திரமன்று என்பதையும் சொல்லி வைக்கிறோம். உடல் விறைத்து, கடுஞ்சுரம் கண்டு, உயிருக்கே அபாயம் நேர்வதுண்டு. குறைக்கவேண்டின் வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

மற்றோர் அச்சம் படித்தவரிடையேயும் பரவியிருக்கின்றது. "லெவோடோப்பா ஐந்தாண்டுதான் வேலை செய்யும், ஆகவே நடை கெடும் வரையில் அதனைச் சேமித்து வைக்கவேண்டும்" என்பர். பொன்னைச் சேமிப்பதுபோல மருந்தைச் சேமிக்கலாகுமா? ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில் மருந்து கிடைத்தல் அரிதாகையால் நோயாளர் பலர் காலந்தாழ்த்தே அதனை உண்ணத் தொடங்கினர். இத்தாலியிலோ விரைவில் தொடங்கினர். 2014-இல் இவ்விரு நாட்டாரையும் ஒப்பிட்டவர்கள், மருந்தின் பயன் ஏறி இறங்குதலும் கைகால் நெளிதலும், மருந்துண்ட ஆண்டுகளைச் சார்ந்து வராமல், நோய் கண்ட ஆண்டுகளையே சார்ந்து வருவதைக் கண்டனர். கானா நாட்டார் காத்திருந்ததால் அடைந்த இலாபம் இல்லை. இழந்தது சில நல்ல ஆண்டுகளின் நடை. 2019-இல் ஹாலந்து தேசத்தார் 445 நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு உடனேயும் மறுபகுதியார்க்கு நாற்பது வாரம் கழித்தும் மருந்தளித்துப் பார்த்தபொழுதும், முன்னே தொடங்கியவருக்கு நோய் மிகுதியாகவுமில்லை, குறைவாகவுமில்லை. இந்த மருந்து நோயின் வேரைத் தொடுவதன்று. ஆனால் விஷமும் அன்று. நடை தேவைப்படும் காலத்தில் உண்ண வேண்டியது. நடை முழுவதும் போன பின்னர் உண்பதற்காக ஒளித்து வைக்கவேண்டியதன்று.

வேளையைப்பற்றிச் சிறிது விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் வீட்டாரின் கையில் உள்ளது இதுவே. நோயின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு மாத்திரையின் பயன் நாள் முழுதும் ஒரே சீராகத் தோன்றும்; மூளையில் எஞ்சியுள்ள உயிரணுக்கள் அதனைச் சேர்த்து வைத்துச் செலவிடுகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல அச்சேமிப்பு ஒழிந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் பயன் தீர்கின்றது. தீரும் வேளையில் கால் தரையோடு ஒட்டியதுபோல உறைந்து நிற்கும். அவ்வேளையில் எழுந்து நடக்க முயல்வோரே பெரிதும் விழுகின்றனர். ஆகவே எட்டு மணி மாத்திரையை ஒன்பதரைக்குக் கொடுத்தல் சிறு தவறன்று. தொழிற்சாலை ஷிப்ட் முறையோ ஒரு வாரம் விடியற்காலையிலும், ஒரு வாரம் பிற்பகலிலும், ஒரு வாரம் இரவிலும் மகனை வீட்டிலிருந்து அழைத்துச் செல்கின்றது. கம்பெனி பஸ் வரும் நேரத்திற்கேற்ப அப்பாவின் மாத்திரை நேரமும் மாறுகின்றது. மகன் மீது குற்றமில்லை. அவன் உழைப்பினாலேயே மாத்திரை வாங்கப்படுகின்றது. ஆயினும் மாத்திரைக்கு ஷிப்ட் தெரியாது. வீட்டில் உள்ள சிறுவன் ஒருவனோ, அடுத்த வீட்டுப் பெண்மணி ஒருவரோ, கைப்பேசியின் மணியோ அக்கடமையை ஏற்றல் வேண்டும்.

உணவும் இதில் தலையிடுகின்றது. பருப்பு, பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றிலுள்ள புரதம் செரித்து வரும் அமிலங்களும் லெவோடோப்பாவும் குடலிலிருந்து உடம்பிற்குள்ளும், உடம்பிலிருந்து மூளைக்குள்ளும் புகுவதற்கு ஒரே வாயிலை நாடுகின்றன. கூட்டம் மிகுந்தால் மருந்து வெளியே காத்து நிற்கும். நம் வீடுகளில் "வெறும் வயிற்றில் மருந்து கூடாது" என்ற பழமொழி போன்ற கட்டளை ஒன்று இருக்கின்றது. தலைவலி மாத்திரைக்கு அது பொருந்தும். அக்கட்டளைப்படி பெரியவருக்கு வயிறு நிறையச் சாம்பார்ச் சோறும் தயிருமிட்டு, உடனே மாத்திரையையும் கொடுத்துவிட்டு, "மதியம் மாத்திரை பிடிப்பதேயில்லை" என்று வருந்துவாரை நாம் அறிவோம். உணவுக்கு அரைமணி முன்னோ ஒருமணி பின்னோ கொடுத்தால் பலருக்கு நடை தெளிவாகின்றது. குமட்டல் உள்ளவர் இரண்டொரு பிஸ்கத்தோடு உண்ணலாம். இரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து உண்ணலாகாது.

இவற்றைக் காட்டிலும் வருந்தத்தக்க ஒன்றுண்டு. கால் தடுமாறும் முதியவர் தம் குறையைத் "தலை சுற்றுகின்றது" என்றே சொல்வார். தமிழில் தடுமாற்றத்திற்கு மக்கள் வழங்கும் சொல் அது. அருகிலுள்ள மருந்துக் கடைக்காரரோ, அவசரத்திலுள்ள வைத்தியரோ தலைச்சுற்றலுக்குரிய மாத்திரையைக் கொடுத்துவிடுகின்றனர். அவ்வாறு கொடுக்கப்படும் சின்னரிசீன், புரோகுளோர்பெரசீன் ஆகியவையும், வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடும் டோப்பமீனின் வேலையைத் தடுப்பவை. நோயில்லாதாருக்கும் நடுக்குவாதத்தை ஒத்த நடையை இவை உண்டாக்கும். நோயுள்ளாருக்கோ இருந்த நடையையும் கெடுக்கும். ஒரு கையால் டோப்பமீனைக் கொடுத்து மறுகையால் அதனைத் தடுப்பதைப்போன்ற வைத்தியம் இது. தடுமாற்றத்தால் மாத்திரை, மாத்திரையால் தடுமாற்றம், அதற்கு மேலும் ஒரு மாத்திரை என்று மாதக்கணக்கில் செல்வதுண்டு. நோயாளர் உண்ணும் எல்லா மாத்திரைகளையும், எவர் கொடுத்ததாயினும், ஒரே பையிலிட்டு நரம்பு வைத்தியர்முன் கொட்டிக் காட்டுதல் நூறு உபதேசங்களுக்கு மேலானது.

இரத்த அழுத்தத்தையும் மறக்கலாகாது. இந்நோயும், இதற்குரிய மருந்துகளும், எழுந்து நிற்கும்பொழுது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவன. அதன்மேல் பல ஆண்டுகளாக உண்டுவரும் அழுத்த மாத்திரையும் சேர்ந்து, செங்கற்பட்டுச் சீமையின் சித்திரை வெயிலும் சேருமாயின், கட்டிலிலிருந்து எழுந்தவர் இரண்டாம் அடியில் சரிவதில் வியப்பென்ன? அமர்ந்த நிலையில் மட்டும் அழுத்தம் பார்த்து, "நன்றாயிருக்கின்றது" என்று அனுப்பினால் இது வெளிப்படாது. படுத்திருக்கையிலும், எழுந்து சில நிமிடம் நின்ற பின்னும் பார்க்குமாறு கேட்டல் நோயாளரின் உரிமை.

லெவோடோப்பா எட்டாத இடத்தை எட்டுவதற்கு வேறு மருந்துகள் உளவா என்று ஆராய்ச்சியாளர் தேடிவருகின்றனர். நடையின் உறுதி டோப்பமீன் ஒன்றினால் ஆவதன்று; கவனத்தோடு தொடர்புடைய அசிடைல்கோலின் என்ற பொருளும் அதற்கு வேண்டும். 2010-இல் ஆரிகனில் 23 நோயாளருக்கு டொனெபெசில் கொடுத்தபொழுது விழுதல் ஏறக்குறையப் பாதியாயிற்று. 2016-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தார் 130 பேரைக்கொண்டு செய்த சோதனையில், ரிவாஸ்டிக்மின் உண்டவருடைய அடிகள் காலத்தால் ஒத்து விழுந்தன. குமட்டலும் வாந்தியும் அதற்குரிய விலை. இவை இன்னும் பெருஞ்சோதனைகளால் உறுதிப்பட வேண்டியவை. ஆனால் இங்கே ஒரு முரண் நம் கருத்தைக் கவர்கின்றது. நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் என்ற பழைய மாத்திரை கைநடுக்கத்தை அடக்குவது. அடக்குவதோ அதே அசிடைல்கோலினைத் தடுத்து. முதியோருக்கு அது மறதியையும் மயக்கத்தையும் தருவது. கையைக் கொண்டு அளப்பவருக்கு அது நல்ல மருந்து. நடையைக் கொண்டு அளப்பவருக்கு அங்ஙனம் தோன்றாது. எதனைக் கொண்டு அளப்பது என்று நாம் முதலிற் கேட்டது வீண்கேள்வியன்று என்பதற்கு இம்மாத்திரை ஒன்றே போதும்.

குன்றத்தூர்க் குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கின்றது. படியேறிச் செல்லல் வேண்டும். இந்நோயின் விந்தைகளுள் ஒன்றை அங்கே காணலாம். சமதரையில் கால் உறைந்து நிற்பவர், வீட்டு நிலைவாசலைக் கடக்கமாட்டாமல் திகைப்பவர், படிகளைக் கண்டதும் ஒவ்வொன்றாக ஏறிவிடுவதுண்டு. படி ஒவ்வொன்றும் "இங்கே காலை வை" என்று கண்ணுக்குச் சொல்கின்றது. தானே நடத்தும் வழி அடைபட்டாலும், கண்டு நடத்தும் வழி திறந்திருக்கின்றது. தரையில் அடிக்கோர் கோடு இட்டாலும், தாளம் தட்டினாலும், "ஒன்று, இரண்டு" என்று எண்ணினாலும் இவ்வாறே கால் பெயர்கின்றது. வாசற்படியின் இப்புறத்தில் இரண்டு கோடுகள் வரைவதற்கு ஒரு காசும் செலவில்லை. 2007-இல் ஐரோப்பாவின் மூன்று நாடுகளில் 153 நோயாளருக்கு அவர்கள் வீட்டிலேயே இத்தகைய பயிற்சி மூன்று வாரம் அளித்தபொழுது நடை சிறிதளவு திருந்தியது. பயிற்சியை விட்டபின் அப்பயன் மங்கியது. எனவே இதனையும் மாத்திரையைப்போல நாடோறும் செய்தல் வேண்டும். 2012-இல் 195 நோயாளரைக்கொண்டு செய்த ஆராய்ச்சியில், தாய்ச்சி என்ற சீன தேசத்து மெதுவான தேகப்பயிற்சியைச் செய்தவர் குறைவாகவே விழுந்தனர். மருந்து கொடாத உறுதியை உடற்பயிற்சி ஓரளவு கொடுக்கின்றது என்பதே இதனாற் பெறப்படுவது. ஒன்று மட்டும் எச்சரிக்கிறோம்: குன்றின்மேல் ஏறியவர் இறங்கவும் வேண்டும். இறங்குதல் ஏறுதலைப்போன்றதன்று, பக்கத்தில் ஒருவரும், மருந்தின் பயன் உள்ள வேளையும் அதற்கு வேண்டும்.

தொழிற்சாலைகளைப்பற்றிப் பேசியதனால் இடையே ஒரு செய்தி. மாங்கனீசு என்ற உலோகத்தின் தூளையும் புகையையும் மிகுதியாக உட்கொள்வோருக்கு நடுக்குவாதத்தைப் போன்ற ஒரு நோய் வரும் என்பதை 1837-இலேயே கிளாஸ்கோ நகரத்தில் கூப்பர் என்ற வைத்தியர் எழுதினார். முன்பாதத்தை ஊன்றிச் சேவலைப்போல நடத்தலும், பின்னோக்கி விழுதலும் அதன் அடையாளம். அதற்கு லெவோடோப்பா பெரும்பாலும் உதவுவதில்லை. வெல்டிங் வேலையில் எழும் புகையிலும் மாங்கனீசு உண்டு. சாதாரண அளவில் அது தீங்கு செய்யுமா என்பது இன்னும் வழக்கிலிருக்கும் பொருள். தொழிற்சாலையினுள் புகையிழுக்கும் குழாயும் முகமூடியும் வைத்திருத்தல் பற்றி இவ்வழக்கு முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சிறு பட்டறைகளில் திறந்த வெளியில் வேலை செய்யும் வெல்டர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

"இவையெல்லாம் வைத்தியர் காரியம்; கலாசாலைச் சஞ்சிகைக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் வைத்தியர் காணும் நோயாளி யார்? மருத்துவமனைக்குப் போகும் நாளன்று வீட்டார் மாத்திரையை வேளை தவறாமற் கொடுத்து, நல்ல வேட்டி உடுத்தி, ஆட்டோவில் ஏற்றி அழைத்துச் செல்கின்றனர். மருந்தின் பயன் உச்சத்தில் இருக்கும் அரைமணி நேரத்தில், அகன்ற ஒளியுள்ள அறையில், அயலார் ஒருவர் கவனித்துப் பார்க்கையில் அவர் நடக்கின்றார். கவனமும் ஊக்கமும் கூடிய அந்நடை அவருடைய நல்ல நடை. விடியற்காலை நான்கு மணிக்குக் கழிப்பறைக்குச் செல்லும் நடையை வைத்தியர் ஒருநாளும் காண்பதில்லை. இரவில் உண்ட மாத்திரை தீர்ந்து, அழுத்தம் தாழ்ந்து, விளக்கில்லாத நடையில், ஈரத்தரையில் நடக்கும் நடை அது. அதனைக் காண்பவர் வீட்டார் மட்டுமே. நம் மாணாக்கருட் பலர் அத்தகைய வீடுகளின் பிள்ளைகள். பழைய மாணாக்கருட் சிலரோ அந்நோய்க்கே உரியவராகும் வயதை எட்டியவர்.

இலவசமாகவே லெவோடோப்பாவும் கார்பிடோப்பாவும் சேர்ந்த மாத்திரை ஏழைக்கு எட்டவேண்டும் என்பதில் ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. பட்டியலில் இருத்தல் வேறு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருத்தல் வேறு. நம் மாகாணத்தில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்கீழ் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கின்றனர்; உடலியக்கப் பயிற்சி அளிப்போரும் வீடு செல்கின்றனர். அவ்வாறு செல்வோர் நடுக்குவாதமுள்ள வீட்டில் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: கடந்த மாதத்தில் எத்தனை முறை விழுந்தீர், எந்த வேளையில் விழுந்தீர், அதற்கு எத்தனை மணி முன்னே மாத்திரை உண்டீர்? அரசாங்கத்தாருக்கு இதனாற் புதுச் செலவு ஏதும் நேராது.

அவர்கள் வரும்வரையில் நம்மவர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் பத்தி மூன்று வரைந்து, முதற்பத்தியில் மாத்திரை உண்ட நேரத்தையும், அடுத்ததில் உணவு உண்ட நேரத்தையும், மூன்றாவதில் கால் உறைந்த நேரமும் விழுந்த நேரமும் இடமும் குறித்தல் வேண்டும். இரண்டு வாரம் எழுதினால் போதும். கணக்குப் பாடம் படிக்கும் மாணாக்கர் அதனைக் கோட்டுப் படமாக வரைந்தால் இன்னும் நன்று. நடை எந்த மணியில் தாழ்கின்றது என்பது ஒரே பார்வையிற் புலப்படும். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது மாத்திரைப் பையோடு அந்நோட்டுப் புத்தகத்தையும் வைத்தியர் மேசையின்மேல் வைக்கலாம். விடியற்காலை நான்கு மணி நடையை அவர் அதிற் காண்பர்.